மூன்று வாரத்துக்கு முன் போட்ட படம் பற்றி ஒரு திருத்தம்



மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தேன். நுண்ணோக்கி வழியாக எடுத்தது. கண்ணாடி போல் தெளிந்து, ஓரமெல்லாம் கத்தி வைத்து வெட்டினாற்போல் நேராக இருந்த ஒரு படிகம். "என் தங்கை மகள் வளர்த்த முதல் புரதப் படிகம்" என்று மேலே எழுதியிருந்தேன். எத்தனை வாழ்த்து! பழைய மாணவிகள் பாதிப் பேர் வந்துவிட்டீர்கள். சின்ன அத்தை கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனையே செய்துவிட்டார்.

அது புரதம் இல்லை. உப்பு.

படத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடச் சொன்னாள் தங்கை. "யாரும் கேக்கப் போறதில்லக்கா" என்றாள். பிள்ளையிடம் கேட்டேன். "எழுதுங்க பெரியம்மா. ஆனா சரியா எழுதுங்க" என்றாள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. படித்து முடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அவளுக்குப் போன் செய்து "ஐயோ பாவம்" மட்டும் சொல்லாதீர்கள்.

முதலில் அவள் என்ன செய்கிறாள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு புரதத்தின் உருவம் என்ன, அதில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று பார்க்க எக்ஸ் கதிரை அதன் மேல் விழச் செய்வார்கள். ஒற்றை மூலக்கூறை வைத்து அது நடக்காது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்க வேண்டும். அந்த அடுக்குதான் படிகம். சுத்தம் செய்த புரதக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர், குழியில் இருக்கும் ரசாயனக் கரைசலில் ஒரு மைக்ரோலிட்டர், இரண்டையும் ஒரு சின்னக் கண்ணாடித் தகட்டில் கலந்து, குழியின் மேல் கவிழ்த்து மூடிவிடுவார்கள். துளியிலிருந்து நீர் மெல்ல மெல்லக் குழிக்குப் போகும். துளி கெட்டியாகும். அதிர்ஷ்டம் இருந்தால் புரதம் படிகமாக வரும். தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்பளப் பாத்தியில் வெயில் செய்கிற வேலைதான். இங்கே பாத்தி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. குழியில் ஊற்றுகிற கரைசலே உப்புகளால் ஆனது. நீர் குறையும்போது புரதம்தான் படிகமாக வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உப்பும் வரலாம். உப்புக்குப் படிகமாவது எளிது, புரதத்துக்குக் கடினம். ஆகவே எதிர்பார்ப்போடு நுண்ணோக்கியில் கண் வைக்கிற பிள்ளைக்கு முதலில் தெரிவது பல நேரம் உப்புதான். கூர்மையாக, பளபளவென்று, ஆசைப்பட்ட மாதிரியே.

அவள் எனக்குப் படம் அனுப்பியபோது அந்தக் குழியில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்தே அனுப்பியிருந்தாள். மெக்னீசியம் குளோரைடு, அம்மோனியம் சல்பேட், பிஎச் 8.5. நான் படத்தை மட்டும் பார்த்தேன். அவளுடைய புரதம் எந்தத் தாங்கல் கரைசலில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பாஸ்பேட் தாங்கல் என்று சொல்லியிருப்பாள்.

என்னிடம் வேதியியல் படித்தவர்களே, இப்போது தலையில் அடித்துக்கொள்கிறீர்களா? மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட், கொஞ்சம் காரத்தன்மை. பிளஸ் டூ செய்முறையில் ஆறாம் தொகுதி. அம்மோனியம் குளோரைடு சேர், அம்மோனியம் ஹைட்ராக்சைடு சேர், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் சேர், வெண்ணிற வீழ்படிவு, மெக்னீசியம் உறுதி. சோதனைக் குழாயில் அவசரமாக வந்தால் வெள்ளைப் பொடி. ஒரு துளிக்குள் நாள் கணக்கில் நிதானமாக வந்தால் அழகான படிகம். முப்பது வருஷம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டையே புரதம் என்று உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். சிறுநீரகக் கல்லிலும் ஒரு வகை இதுதான். மருத்துவத் துறைக்குப் போன பிள்ளைகளுக்கு ஸ்ட்ரூவைட் என்றால் தெரியும்.

அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதுதான் எனக்குப் பெருமை. அதே புரதத்தில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றி இன்னொரு வகை செய்து வைத்திருந்தாள். அதையும் அதே தட்டில் போட்டாள். அதே குழியில் அதே வடிவப் படிகம். சந்தோஷப்பட வேண்டிய இடம். அவளுக்குச் சந்தேகம் வந்தது. மூன்றாவதாக, அந்தத் துளிக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு புரதத்தைப் போட்டாள். அதிலும் அதே படிகம். அன்று இரவு தூங்கவில்லை என்றாள்.

மறுநாள் புரதமே இல்லாமல், புரதம் கரைந்திருக்கும் அந்தப் பாஸ்பேட் தாங்கல் கரைசலை மட்டும் எடுத்து ஒரு துளி வைத்தாள். அதிலும் வந்தது. அப்புறம் முதல் துளியில் இருந்த நான்கு படிகங்களில் சின்னதை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் ஊசியால் அழுத்தினாள். முதலில் அசையவே இல்லை. இன்னும் அழுத்தினாள். "டக்னு உடைஞ்சது பெரியம்மா. விரல்ல தெரிஞ்சது" என்றாள்.

அந்த "டக்" ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். புரதப் படிகத்துக்குள் ஏறத்தாழ பாதி நீர். பெரிய பெரிய மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று ஓரிரு இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். நடுவில் எல்லாம் நீர் நிரம்பிய வாய்க்கால்கள். 1934இல் கேம்பிரிட்ஜில் பெர்னலும் டோரதி கிரோஃபுட்டும் பெப்சின் படிகத்தை அது வளர்ந்த கரைசலோடு சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தபோதுதான் தெளிவான புள்ளிகள் கிடைத்தன. காய்ந்துபோன படிகத்தில் அந்தப் புள்ளிகள் இல்லை. நீர் போனால் அடுக்கும் போய்விடும். அப்படிப்பட்ட படிகத்தை ஊசியால் தொட்டால் எதிர்ப்பே இல்லாமல் தயிர்க்கட்டி மாதிரி நொறுங்கும். உப்பில் அயனிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, வாய்க்கால் கிடையாது. கல்லுப்பைப் பல்லில் கடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

அதே வாய்க்காலை நம்பித்தான் சாயச் சோதனையும். பதினொன்றாம் வகுப்பில் கன்னத்துச் செல்லைச் சுரண்டி எடுத்து மெத்திலீன் நீலம் போட்டுப் பார்த்தோமே, அதே சாயம். ஒரு சொட்டில் சிறு பகுதி போதும். புரதப் படிகமாக இருந்தால் சாயம் வாய்க்கால் வழியாக உள்ளே போய்ச் சேரும். சுற்றியுள்ள கரைசலைவிடப் படிகம் அதிக நீலமாகத் தெரியும். உப்பு அப்படியே நிற்கும். ஆனால் இதில் ஏமாறவும் வழி உண்டு. சில புரதப் படிகங்கள் சாயத்தை ஏற்றுக்கொள்ளாது. உப்பு அதிகமான துளியில் சாயமே நீல ஊசிகளாகப் படிந்து, பார்ப்பவருக்குப் புது நம்பிக்கை கொடுத்துவிடும்!

இப்போது பல ஆய்வுக்கூடங்களில் புற ஊதா ஒளி வைத்துப் பார்க்கிறார்கள். புரதத்தில் உள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அந்த ஒளியில் மின்னும். நல்ல முறைதான், படிகமும் உடையாது. ஆனால் இன்சுலினில் டிரிப்டோபேன் ஒன்றுகூடக் கிடையாது. பெர்னலோடு வேலை செய்த அதே டோரதி, பிற்பாடு டோரதி ஹாட்ஜ்கினாக, 1969இல் அமைப்பைக் கண்டு சொன்ன இன்சுலின். (பெங்களூரில் புரதப் படிகவியலை வளர்த்த எம். விஜயன் அந்தக் குழுவில் இருந்தவர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.) அதை இந்த ஒளியில் வைத்து, மின்னவில்லை, ஆகவே உப்பு என்று யாராவது கொட்டிவிட்டால்?

போலராய்டு தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பார்ப்பதும் அப்படித்தான். உப்பு பெரும்பாலும் வானவில் நிறத்தில் பளிச்சென்று இருக்கும், புரதம் மங்கலாக இருக்கும் என்பார்கள். சாதாரணச் சமையல் உப்பு கனசதுரம். அது பளிச்சிடவே பளிச்சிடாது. பிளாஸ்டிக் தட்டில் வைத்துப் பார்த்தால் தட்டே நிறம் காட்டும்.

கடைசித் தீர்ப்பு எக்ஸ் கதிரிடம்தான். படிகத்தில் திரும்பத் திரும்ப வருகிற பெட்டியின் நீளத்தை ஆங்ஸ்ட்ராமில் சொல்வார்கள். மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. சமையல் உப்பில் அது 5.64. கோழி முட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைமின் சாதாரணப் படிகத்தில் சுமார் 79, 79, 38. பெட்டி பெரிதானால் புள்ளிகள் நெருங்கி நெருங்கி விழும். புரதப் படம் என்றால் ஆயிரம் புள்ளி வைத்த மார்கழிக் கோலம். உப்புப் படம் என்றால் தூரத் தூர நாலு புள்ளி, அதுவும் கண்ணைப் பறிக்கும் பிரகாசம். அவளுடைய படிகத்துக்குச் சுமார் 7, 6, 11 வந்தது. ஸ்ட்ரூவைட்டின் அளவு. அதற்குப் பிறகு பேச எதுவுமில்லை.

இனி என் கருத்து. சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை.

படிகம் வந்த முதல் வாரமே ஒன்றை உடைத்துப் பார்க்கலாமா என்று அவள் கேட்டிருக்கிறாள். அங்குள்ள மூத்த ஆராய்ச்சியாளர் ஒருவர், "இருக்கறதே நாலு. அதுல ஒண்ண உடைப்பியா? பத்திரமா வை" என்று சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த படிகத்தை உடைக்க யாருக்கு மனசு வரும்? இன்னொரு நியாயமும் அவர் பக்கம் உண்டு. எக்ஸ் கதிரிலேயே வைத்துவிட்டால் உப்பா புரதமா என்று ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஊசி எதற்கு என்பார்கள். கருவி பக்கத்து அறையில் இருந்தால் அதுவே சரி. இருக்கிறதே ஒற்றைப் படிகம் என்றாலும் அதுவே சரி. ஆனால் கருவிக்கு வரிசையில் நிற்க வேண்டிய இடத்தில், இந்தோர் இண்டஸ்-2 போன்ற ஒளிமூலத்துக்கு விண்ணப்பம் போட்டு முறை வரக் காத்திருக்க வேண்டிய இடத்தில், "பத்திரமா வை" என்பது அறியாமையைப் பத்திரப்படுத்தி வைப்பதுதான். நான்கில் ஒன்றை உடைத்திருந்தால் மிச்சம் மூன்றும் என்ன என்று அன்றே தெரிந்திருக்கும். உடைக்காததால் நான்கும் இருந்தன, நான்கும் உப்பாகவே இருந்தன.

ஊசிக்கும் முன்னால் செய்ய வேண்டியது அந்தப் புரதமில்லாத் துளி என்பேன். செலவு ஒரு மைக்ரோலிட்டர். சிலர் அதற்குப் புரதத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் விடுகிறார்கள். இது பாதிச் சோதனைகூட இல்லை. அவள் தண்ணீர் விட்டிருந்தால் துளியில் பாஸ்பேட் இருந்திருக்காது, படிகமும் வந்திருக்காது, "பார், புரதம் இருந்தால்தான் வருகிறது" என்று இன்னும் உறுதியாக ஏமாந்திருப்பாள். புரதம் எந்தக் கரைசலில் கரைந்திருக்கிறதோ அதையே, புரதம் மட்டும் இல்லாமல், விட வேண்டும். உப்பு ஆய்வில் வெற்றுச் சோதனை என்று ஒன்று உண்டே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான்.

ஆனால் இதற்குள் அந்தப் படிகம் எங்கெங்கோ போய்விட்டது. "படிகங்கள் கிடைத்துள்ளன" என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி ஏறிவிட்டது. என் பக்கத்திலும் ஏறிவிட்டது. முதல் துளியில் வெறும் பார்வையை வைத்து எழுதின ஒரு வரி, மூன்றே வாரத்தில் திரும்பி எடுக்க முடியாத சங்கதியாகிவிட்டது. உப்பு என்று தெரிந்த அன்று அவள் முதலில் அழுதது ஆராய்ச்சிக்காக இல்லை. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களே பெரியம்மா" என்றுதான். சொன்னது யார்? நான்.

வழிகாட்டிக்கு எழுத்தில் தெரிவிக்க அவளுக்கு நான்கு நாள் ஆயிற்று. பேசாமல் இருந்துவிடு, அடுத்த வருஷ அறிக்கையில் அந்த வரி தானாகக் காணாமல் போகும் என்று நண்பர்கள் சொன்னார்களாம். அவள் கேட்கவில்லை. திருத்திவிட்டாள். கொஞ்சம் திட்டு வாங்கினாள். அந்தத் திட்டு அவளுக்கு விழுந்திருக்கக் கூடாது என்பது என் கட்சி. புரதமில்லாத் துளியும் குறைந்தது ஒரு சோதனையும் இல்லாமல் எந்தப் படிகத்தின் பெயரும் அறிக்கைக்குப் போகாது என்று ஒரு விதி இருந்திருந்தால், யாரும் யாரையும் திட்ட வேண்டியிருக்காது. உண்மையைச் சொன்னவள் தலை குனியும்படி ஓர் ஆய்வுக்கூடம் இருந்தால், அடுத்த முறை சந்தேகம் வருகிற பிள்ளை சந்தேகத்தை விழுங்கிவிடும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், பாதிதான் இருக்கிறது. உங்களில் பலருக்கு இது தெரியும், நாம் பேசிக்கொண்டதில்லை. செய்முறைத் தேர்வு அன்று உப்பின் பெயர் உங்கள் காதுக்கு எப்படியோ வந்துவிடும். சில வருஷம் நானே வரவிட்டிருக்கிறேன். பிள்ளைகள் மதிப்பெண் இழக்கக் கூடாது என்ற நினைப்பு. பெயர் தெரிந்த பிறகு என்ன செய்வீர்கள்? சோதனைக் குழாயைத் தொடாமலே "வெண்ணிற வீழ்படிவு தோன்றுகிறது" என்று எழுதுவீர்கள். பழுப்பு வளையம் வந்ததோ இல்லையோ, தாளில் வந்துவிடும். விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, பார்க்காததைப் பார்த்ததாக எழுதப் பழக்கினேன். நான் ஒருத்தி மட்டும் இல்லை, ஆனாலும் நான்.

ஒரு வருஷம் ஒரு மாணவி, அவள் பெயர் வேண்டாம், உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவரின் மகள், "டீச்சர், எனக்கு வீழ்படிவு வரலை" என்று எழுந்து நின்றாள். "வரும்னு எழுதும்மா" என்றேன். தேர்வு முடிந்து குழாய்களைக் கழுவும்போதுதான் பார்த்தேன், அவள் இருந்த மேசையில் வினைப்பொருள் குப்பி மாறியிருந்தது. அவள் பார்த்தது சரி. அவளுக்கு அன்று முழு மதிப்பெண் வந்தது. அவள் இந்தப் பக்கத்தில் இருக்கிறாள். உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்: மன்னித்துவிடு.

"வெறும் உப்புதானா?" என்று தங்கை வீட்டுக்காரர் கேட்டதாகச் சொன்னார்கள். தூத்துக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்தவர் வாயில் வரக்கூடிய வார்த்தையா இது! அந்த உப்பு அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: மெக்னீசியமும் கால்சியமும் வருகிற குழிகளோடு பாஸ்பேட் தாங்கல் சேரக் கூடாது. இது வெற்றியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மாத வேலையில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த முதல் விஷயம் இது.

"இந்தப் படிகம்தானா அந்தப் பொருள்?" என்ற கேள்வியைப் பெரியவர்களும் எதிர்கொண்டிருக்கிறார்கள். ஒரு கையை இழந்த ஜேம்ஸ் சம்னர் 1926இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜாக் பீன் என்ற அவரை வகையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாக்கினார். நொதி என்பது புரதம் என்றார். அதற்கு முன்பே நோபல் வாங்கியிருந்த ஜெர்மானியர் வில்ஸ்டேட்டர், நொதி வேறு, புரதம் அதற்கு வெறும் சுமைதாங்கி என்ற கட்சி. சம்னரிடம் படிகம் கையில் இருந்தது. அது போதவில்லை. மற்ற நொதிகளும் படிகமாகி, சோதனைக்கு மேல் சோதனை நடந்து, 1946இல்தான் அவருக்கு நோபல் பரிசு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: சில பாக்டீரியாக்களின் யூரியேஸ் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குவதால்தான் சிறுநீரகத்தில் ஸ்ட்ரூவைட் கல் வருகிறது. முதன்முதலில் படிகமான நொதிக்கும் என் தங்கை மகளை அழவைத்த உப்புக்கும் இப்படி ஓர் உறவு.

பழைய பதிவை நான் நீக்கவில்லை. படத்துக்குக் கீழே "இது மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்" என்று திருத்தியிருக்கிறேன். உங்கள் வாழ்த்துகளும் அங்கேயே இருக்கட்டும், எடுக்க வேண்டாம். அவளுக்குப் போன் செய்கிறவர்கள் "படிகம் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வேறு ஏதாவது கேளுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் போதும்.

புரதத்தை இப்போது பாஸ்பேட்டிலிருந்து டிரிஸ் தாங்கலுக்கு மாற்றிவிட்டாள். போன திங்கள் புதுத் தட்டு வைத்தாள், 96 குழி. பக்கத்திலேயே புரதமில்லாத் துளிகளோடு இன்னொரு தட்டு. நேற்று இரவு வரை இரண்டு தட்டிலும் எல்லாத் துளியும் தெளிந்த தண்ணீராகத்தான் இருக்கிறதாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்